டெட்லாக் வந்தால் எங்கே பார்ப்பது? பசுந்தேயிலைக் கணக்கை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு டேட்டாபேஸ் பார்த்துக்கொள்வது என் வேலை. சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை அது. கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், அரவேணு, கட்டபெட்டு என்று சுற்றுவட்டாரத்தில் எடை போடும் இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஏஜென்ட், அவர் கையில் ஒரு போன். எடை போட்டதும் சீட்டு போனில் பதிவாகிவிடும். ஆனால் பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது. லாரி மேடேறி வந்த பிறகுதான் நாற்பது ஐம்பது சீட்டுகள் மொத்தமாக சர்வரில் வந்து விழும். மாலை ஐந்து மணிக்கு மேல் எல்லா லாரிகளும் ஒரே நேரத்தில் மேடேறும். எங்கள் டெட்லாக்குகள் எல்லாம் வருவதும் அப்போதுதான்.

டேபிள்கள் மூன்று. விவசாயி டேபிளில் விவசாயி எண், பெயர், அந்த மாதத்தின் மொத்தக் கிலோ, முன்பணப் பாக்கி. எடைச்சீட்டு டேபிளில் ஒவ்வொரு எடையும் ஒரு ரோ; அதில் விவசாயி எண் ஃபாரின் கீ, அதாவது விவசாயி டேபிளில் உள்ள எண்ணாகத்தான் இருக்க வேண்டும். தினத்தொகை டேபிளில் தேதிக்கும் விவசாயிக்கும் ஒரு ரோ. எல்லாம் மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸ்; அதற்குள் டேபிள்களைச் சேமிக்கும் எஞ்சின் இன்னோடிபி. இது போக ஊட்டியில் ஒரு விடுதியின் அறைப் பதிவையும் நான்தான் பார்க்கிறேன், அது போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு டேட்டாபேஸ்.

ஒரு சின்னச் சிக்கல். தமிழில் எழுதினால் பூட்டும் 'லாக்', பதிவேடும் 'லாக்'. ஆபீசில் பேசும்போதே இதனால் குழப்பம் வரும். எனவே இங்கே பூட்டு, பதிவேடு என்றே எழுதுகிறேன்: ஒருவர் மாற்றும் ரோவை மற்றவர் தொடாமல் தடுப்பது பூட்டு, நடந்ததை எழுதி வைப்பது பதிவேடு. டெட்லாக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

டெட்லாக் என்பது என்ன? சர்வர் மெதுவாவதும் இதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. மெதுவாக ஓடும்போது நாம் க்யூவில் நிற்கிறோம், எப்படியும் நம் முறை வரும். டெட்லாக்கில் விடிய விடிய நின்றாலும் வராது.

அரவேணு லாரியின் சீட்டுகள் 118ஆம் எண் விவசாயியின் ரோவை மாற்றிவிட்டு 146ஆம் எண்ணுக்குப் போகின்றன. அதே நொடியில் கட்டபெட்டு லாரியின் சீட்டுகள் 146ஐ மாற்றிவிட்டு 118க்கு வருகின்றன. டிரான்சாக்ஷன் (ஒன்றாகவே ஏற வேண்டிய வேலைத் தொகுப்பு) கமிட் ஆகும்வரை, அதாவது உறுதியாகும்வரை, யாரும் பூட்டை விட மாட்டார்கள். கொண்டை ஊசி வளைவில் இரண்டு வண்டிகள் மூக்கோடு மூக்கு வைத்து நிற்கிற கதைதான். யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். பஸ்ஸும் காரும் முட்டி நின்றால் எங்கள் ஊரில் கார்தான் பின்னால் போகும். இன்னோடிபியும் அதே கணக்குதான் போடுகிறது: எந்த டிரான்சாக்ஷன் குறைவான ரோக்களை மாற்றியிருக்கிறதோ அதை ரோல்பேக் செய்துவிட்டு (அதுவரை செய்ததை இல்லாமல் ஆக்கிவிட்டு) மற்றதை விடும்.

இதற்கு நான்கு நிபந்தனைகள் உண்டு என்று காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி என்ற மூவர் 1971இல் எழுதினார்கள். ஒருவர் பிடித்ததை இன்னொருவர் பிடிக்க முடியாது. பிடித்ததை விடாமலே அடுத்ததற்குக் காத்திருப்பார்கள். கையில் இருப்பதைப் பிடுங்க முடியாது. காத்திருப்பு வட்டமாகச் சுற்றி வரும். முதல் இரண்டும் ரோப் பூட்டின் இயல்பு. மூன்றாவதை ரோல்பேக் மூலம் டேட்டாபேஸே உடைக்கிறது. நம் கையில் இருப்பது நான்காவது.

1213, 1205 என்று இரண்டு பிழை எண்கள் வருகின்றன. என்ன வித்தியாசம்?

மைஎஸ்கியூஎலில் 1213 தான் டெட்லாக். வட்டம் உருவான உடனே கண்டுபிடித்து, தோற்ற டிரான்சாக்ஷனை முழுதாக ரோல்பேக் செய்துவிடும். 1205 என்பது பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் கடந்துபோனது. இயல்பான அளவு 50 நொடி. இங்கே ரோல்பேக் ஆவது காத்திருந்த அந்த ஒரு எஸ்கியூஎல் வரி மட்டும். டிரான்சாக்ஷன் திறந்தே கிடக்கும், ஏற்கெனவே பிடித்த பூட்டுகளும் அப்படியே இருக்கும். இதை அறியாமல் அடுத்த வேலையைத் தொடர்வதுதான் பல தலைவலிகளுக்கு ஆரம்பம்.

எஸ்கியூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸிலிருந்து வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே 1205 என்றாலே டெட்லாக். இணையத்தில் 1205க்குத் தேடி, அங்கே சொன்ன மருந்தை இங்கே தடவியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரக்கிளில் ஓஆர்ஏ 00060. அங்கே ரோல்பேக் ஆவது அந்த வரி மட்டும், டிரான்சாக்ஷன் அல்ல. போஸ்ட்கிரெஸில் 40பி01.

டெட்லாக் வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். அதுதான் முதல் வேலை. கடைசி டெட்லாக்கின் விவரம் சர்வர் ஓடும்வரைதான் இருக்கும். 'ஷோ எஞ்சின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்' கொடுத்து, 'லேட்டஸ்ட் டிடெக்டட் டெட்லாக்' என்ற பகுதியை ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். அது ஒரே ஒரு டெட்லாக்கைத்தான் நினைவில் வைத்திருக்கும். அடுத்தது வந்தால் முந்தையது போச்சு. அதனால் 'இன்னோடிபி பிரிண்ட் ஆல் டெட்லாக்ஸ்' என்ற அமைப்பை ஆன் செய்துவிடுங்கள். சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம், அதன்பின் எல்லா டெட்லாக்கும் எர்ரர் பதிவேட்டில் எழுதப்படும்.

எங்களுக்கு முதல் மாதம் இது தெரியவில்லை. மாலை ஆறு மணிக்கு வந்ததை மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து தேடினால், கண்ணில் படுவது ஏழரை மணிக்கு வந்த வேறொன்று.

அந்தப் பகுதியை எப்படிப் படிப்பது? ஏதோ எண்களாக இருக்கிறதே.

முதலில் பயமுறுத்தும்தான். நான் மூன்று இடங்களைத்தான் பார்ப்பேன்.

முதலாவது, இரண்டு டிரான்சாக்ஷன்களும் என்ன பூட்டை வைத்திருக்கின்றன, எதற்குக் காத்திருக்கின்றன என்பது. 'ஹோல்ட்ஸ் தி லாக்' என்பது கையில் இருப்பது. 'வெயிட்டிங் ஃபார் திஸ் லாக்' என்பது கேட்பது. பழைய 5.7இல் முதல் டிரான்சாக்ஷனுக்குக் கையில் இருப்பதைக் காட்டவே காட்டாது, ஊகிக்க வேண்டும்.

இரண்டாவது, எந்த டேபிளின் எந்த இண்டெக்ஸ் (ரோக்களைச் சீக்கிரம் தேட உதவும் அட்டவணை), என்ன வகைப் பூட்டு. எக்ஸ் என்றால் தனிப்பூட்டு, எஸ் என்றால் பகிர்பூட்டு. 'பட் நாட் கேப்' என்று முடிந்தால் அந்த ரோவுக்கு மட்டும். 'இன்செர்ட் இன்டென்ஷன்' என்று இருந்தால் இரண்டு ரோக்களுக்கு நடுவில் உள்ள காலியிடத்துக்கான சண்டை. அது தனிக் கதை, கீழே வருகிறது.

மூன்றாவது, எந்த ரோ. இதைத்தான் பெரும்பாலோர் தாண்டிப் போகிறார்கள். ரோவின் முதல் ஃபீல்டுக்கு நேரே 'நீளம் 4, ஹெக்ஸ் 80000076' என்பது போல ஒன்று இருக்கும். முன்னால் உள்ள 8, குறியுள்ள இன்டிஜரைச் சேமிக்க இன்னோடிபி திருப்பிப் போடும் குறி பிட். அதை நீக்கினால் 76. பதினாறின் அடிமானத்தில் 76 என்றால் ஏழு பதினாறு 112, அதோடு 6, ஆக 118. அரவேணுக்காரர் சிக்கிவிட்டார். இன்னொரு டிரான்சாக்ஷனில் 80000092. ஒன்பது பதினாறு 144, அதோடு 2, 146. அந்த நெடுவரிசை அன்சைன்டாக (குறியில்லாததாக) இருந்தால் முன்னால் 8 இருக்காது.

விவசாயி எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏஜென்டுக்குப் போன் போட்டு "அண்ணா, நேத்து ஆறு மணிக்கு 118க்கு என்ன ஏத்துனீங்க?" என்று கேட்க முடியும்.

பதிவேட்டில் காட்டுகிற இரண்டு குவெரிகளிலும் தப்பு எதுவும் தெரியவில்லையே?

தெரியாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: பதிவேட்டில் இருப்பது, சிக்கிய நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த வரி. பூட்டைப் பிடித்த வரி அதே டிரான்சாக்ஷனில் எப்போதோ ஓடி முடிந்துபோனது, அதை எங்கேயும் எழுதியிருக்காது. 146க்காக நிற்கும் அப்டேட்டை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. 118ஐப் பிடித்தது எந்த வரி என்பதுதான் கேள்வி.

கண்டுபிடிக்க முதல் வழி புரோகிராமின் கோடைப் படிப்பது. பிகின் முதல் கமிட் வரை அந்தப் பாதையில் ஓடும் எல்லா வரிகளையும் காகிதத்தில் எழுதுங்கள். ஓஆர்எம் (நமக்காக எஸ்கியூஎலை எழுதித் தரும் லைப்ரரி) பயன்படுத்தினால் அது உண்மையில் அனுப்பும் எஸ்கியூஎலை அச்சிட்டுப் பாருங்கள். நாம் எழுதிய வரிசையும் அது அனுப்பும் வரிசையும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, மைஎஸ்கியூஎல் தன் ஓட்டத்தைப் பற்றிக் குறித்துவைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் உள்ள ஸ்டேட்மென்ட் ஹிஸ்டரி டேபிள். ஒவ்வொரு திரெட்டுக்கும், அதாவது ஒவ்வொரு கனெக்ஷனுக்கும், கடைசி 10 வரிகளை வைத்திருக்கும். அந்தக் கனெக்ஷன் மூடப்பட்டால் அதுவும் போய்விடும், எனவே சம்பவம் நடக்கும்போதே பக்கத்தில் இருக்க வேண்டும். வரும் எல்லா எஸ்கியூஎலையும் எழுதும் ஜெனரல் பதிவேட்டை ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவைப்பதும் உண்டு. டிஸ்க் நிறைவதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் செய்தது இன்னும் எளிது. கோடிலிருந்து போகும் ஒவ்வொரு எஸ்கியூஎலின் தலையிலும் ஒரு கமென்ட் சேர்த்தேன்: 'சீட்டு ஏற்று', 'முன்பணம் கழி', 'விலை போடு'. அதன்பின் பதிவேட்டில் எந்தக் குவெரி வந்தாலும் எந்த ஃபங்ஷனிலிருந்து வந்தது என்று பெயரோடு தெரிந்தது. மூன்று மணி நேர வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. எப்படிச் சரி செய்வது?

எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டினால் வட்டம் உருவாகாது. மலைப்பாதை குறுகலாக இருந்தால் இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும், ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. யார் பெரியவர், யாருக்கு அவசரம் என்ற பேச்சே இல்லாமல் தீர்ந்துவிடும். நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்: ஒரு லாரியின் சீட்டுகள் வந்ததும் விவசாயி எண்படி ஏறுவரிசையில் அடுக்கிவிட்டுத்தான் டிரான்சாக்ஷனைத் தொடங்குவது. இனி கட்டபெட்டு லாரியும் 118ஐத் தொட்ட பிறகுதான் 146க்குப் போகும்.

டேபிள்களுக்கும் இது பொருந்தும். முதலில் விவசாயி, அப்புறம் எடைச்சீட்டு, கடைசியில் தினத்தொகை. மூன்று புரோகிராமர்கள் இருந்தால் மூன்று வரிசை இருக்கும், எனவே இதை எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

ஒரே அப்டேட்டில் பல ரோக்களை மாற்றினாலும் கவனம் தேவை. போஸ்ட்கிரெஸில் 'இன்' பட்டியலில் எண்களை வரிசையாகக் கொடுத்தால் அதே வரிசையில் பூட்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முதலில் 'ஆர்டர் பை' போட்ட 'செலக்ட் ஃபார் அப்டேட்'டால் பூட்டிவிட்டு அப்புறம் அப்டேட் செய்யுங்கள்.

வரிசைப்படுத்திய பிறகும் வருகிறது. அதுவும் ஒரே ஒரு ரோவில். இது எப்படி?

இதற்குத்தான் நான் இரண்டு வாரம் தூங்கவில்லை. பதிவேட்டில் இரண்டு டிரான்சாக்ஷனிலும் அதே 80000076. ஒரே ரோவுக்கு எப்படி வட்டம் வரும்? முதலில் வந்தவர் பிடிப்பார், அடுத்தவர் நிற்பார், அவ்வளவுதானே?

118க்கு இரண்டு இடத்தில் தோட்டம். மேல் தோட்டத்து இலை அரவேணுவில் எடை போடப்படும், கீழ்த் தோட்டத்து இலை கட்டபெட்டில். இரண்டு லாரியிலும் அவர் சீட்டு இருக்கும். அப்போது எங்கள் கோடு முதலில் எடைச்சீட்டை இன்செர்ட் செய்யும், பிறகு விவசாயி ரோவில் மொத்தக் கிலோவைக் கூட்டும். இன்செர்ட் ஆகும்போது, அந்த விவசாயி எண் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஃபாரின் கீயைச் சோதிக்க, இன்னோடிபி விவசாயி ரோவின் மேல் ஒரு பகிர்பூட்டைப் போடுகிறது. நாம் கேட்காமலேயே. பகிர்பூட்டு என்பதால் இரண்டு லாரிக்கும் கிடைத்துவிடும். அடுத்து இருவரும் மொத்தத்தைக் கூட்டத் தனிப்பூட்டு கேட்கிறார்கள். முதலாமவர் இரண்டாமவரின் பகிர்பூட்டு விலகக் காத்திருக்கிறார், இரண்டாமவர் முதலாமவருடையது விலக. வட்டம் முடிந்தது.

திரும்பப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தால் எல்லாம் அங்கேயே எழுதியிருந்தது. இருவர் கையிலும் எஸ், இருவரும் கேட்பது எக்ஸ். நான்தான் ஹெக்ஸை மட்டும் பார்த்துவிட்டு எழுத்தைப் பார்க்கவில்லை.

மருந்து, இரண்டு வரிகளை இடம் மாற்றியதுதான். முதலில் மொத்தத்தைக் கூட்டு, பிறகு சீட்டை இன்செர்ட் செய். தொடக்கத்திலேயே தனிப்பூட்டு கிடைத்துவிடுவதால் இரண்டாம் லாரி ஒழுங்காக வெளியே நிற்கும். முதலில் 'செலக்ட் ஃபார் அப்டேட்' போட்டாலும் சரிதான்.

மொத்தத்தை ரோவில் வைக்காமல் மாதக் கடைசியில் சீட்டுகளைக் கூட்டி எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் முன்பணம் கேட்டு விவசாயி வந்து நிற்கும்போது கணக்கருக்கு அந்த எண் உடனே திரையில் வேண்டுமாம்.

போஸ்ட்கிரெஸில் இந்தக் குறிப்பிட்ட டெட்லாக் வராது. 2013இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து ஃபாரின் கீ சோதனைக்கு இன்னும் மெல்லிய பூட்டு இருக்கிறது. கீயைத் தொடாத அப்டேட்டுடன் அது மோதாது.

இல்லாத ரோவுக்குக் கூடப் பூட்டு விழுமா?

விழும். தினத்தொகை டேபிளில் இன்றைய தேதிக்கு அந்த விவசாயிக்கு ரோ இருக்கிறதா என்று 'செலக்ட் ஃபார் அப்டேட்'டால் பார்ப்போம். இருந்தால் கூட்டுவோம், இல்லாவிட்டால் இன்செர்ட். கேட்க நல்ல பிள்ளையாகத் தெரியும். ரிப்பீட்டபிள் ரீட் என்ற இயல்பான ஐசொலேஷனில் (டிரான்சாக்ஷன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைக்கும் அளவு அது), ரோ இல்லாவிட்டால் அது இருந்திருக்க வேண்டிய காலியிடத்தை இன்னோடிபி பூட்டுகிறது. இந்தக் காலியிடப் பூட்டுகள் ஒன்றோடொன்று மோதாது, இருவருக்கும் கிடைக்கும். ஆனால் அந்த இடத்தில் இன்செர்ட் செய்யப் போனால் மற்றவரின் பூட்டு தடுக்கும். திரும்பவும் வட்டம்.

இதில் எங்களுக்கு வேறொரு விசேஷமும் இருந்தது. கீ தேதியில் தொடங்குவதால் இன்றைய ரோக்கள் எல்லாம் இண்டெக்ஸின் கடைக்கோடியில்தான் வந்து சேரும். அன்றைக்கு இன்னும் யாருக்கும் ரோ இல்லை என்றால் 118க்கும் 146க்கும் பூட்டப்படுவது ஒரே காலியிடம். சம்பந்தமே இல்லாத இரண்டு விவசாயிகள் மோதிக்கொள்வார்கள். பதிவேட்டில் விவசாயி எண்ணே இருக்காது. 'சுப்ரீமம்' என்று இருக்கும், அதாவது இண்டெக்ஸின் கடைசி எல்லை.

'இன்செர்ட் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்' என்று ஒரே வரியாக மாற்றியதும் இது நின்றது. டேபிளில் ஒன்றுக்கு மேற்பட்ட யூனிக் கீ இருந்தால் அந்த வரியே வேறு டெட்லாக் தரலாம், எங்களுக்கு ஒன்றுதான் இருந்தது. ரீட் கமிட்டட் ஐசொலேஷனுக்கு இறங்குவது இன்னொரு வழி. அதில் தேடலுக்கான காலியிடப் பூட்டுகள் போய்விடும். மாற்றங்களை எழுதிவைக்கும் பைனரி பதிவேடு ரோ முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

இண்டெக்ஸ் இல்லாததற்கும் டெட்லாக்குக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. மாதாமாதம் பசுந்தேயிலைக்கான சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவித்ததும் அந்த மாதத்துச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் விலை போட வேண்டும். மாதம் உள்ள நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இல்லையென்றால் அந்த அப்டேட் டேபிள் முழுவதையும் நடந்து பார்க்கும், நடந்த இடமெல்லாம் பூட்டும். அப்போது ஒரு லாரி வந்தால் தொலைந்தது. யார் தோற்பார் என்பதும் தெரிந்ததே: ஆயிரக்கணக்கான ரோக்களை மாற்றிய விலை வேலை பஸ், நாற்பது சீட்டு லாரி கார். இண்டெக்ஸ் போட்டோம், வேலையை ஐந்நூறு ஐந்நூறு சீட்டுகளாகப் பிரித்துக் கமிட் செய்தோம், நேரத்தையும் இரவு பதினொன்றுக்கு மாற்றினோம்.

மறுபடி முயன்றால் போதாதா? எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

மறுமுயற்சி கட்டாயம் வேண்டும். வரிசையெல்லாம் சரி செய்தாலும் எப்போதாவது ஒன்று வரத்தான் செய்யும். ஆனால் தப்பாகச் செய்த மறுமுயற்சி டெட்லாக்கைவிட மோசமானது. ஆரம்பத்தில் எங்கள் கோடு 1213 வந்தால் விழுந்த அந்த வரியை மட்டும் திரும்ப ஓட்டியது. ஒரு நாள் மாலை கணக்கர் கூப்பிட்டார்.

"தம்பி, அரவேணு லாரில பாதி இலை ரோட்டுலயே கொட்டிருச்சா? சீட்டக் காணோமே."

"இல்லீங்கண்ணா, நாப்பது சீட்டும் ஏறிருச்சுன்னு போன்ல காட்டுதே."

"போன்ல காட்டி என்ன பண்றது, எனக்கு இங்க பதினேழுதான் இருக்குது."

நடந்தது இதுதான். நாற்பது சீட்டில் 23ஆவதன் மொத்தம் கூட்டும் இடத்தில் டெட்லாக். டிரான்சாக்ஷன் முழுதும் ரோல்பேக் ஆனதால் முதல் 22 சீட்டுகளும், 23ஆவதன் இன்செர்ட்டும் போயின. கோடு அந்த அப்டேட்டை மட்டும் திரும்ப ஓட்டியது. டிரான்சாக்ஷன் முடிந்துபோனதால் அது ஆட்டோகமிட்டில் தனியாக ஏறியது. ஆகவே 23ஆவது சீட்டின் 38 கிலோ, சீட்டே இல்லாமல் மொத்தத்தில் மட்டும் நின்றது. 24 முதல் 40 வரை சமர்த்தாக ஏறின. ஏஜென்டின் போனில் பழைய சீட்டுகள் இருந்ததால் பிழைத்தோம்.

இப்போது டிரான்சாக்ஷனை பிகினிலிருந்து திரும்ப ஓட்டுகிறோம், மூன்று முறை வரை. நடுவில் ஒரு சின்ன இடைவெளி, அதுவும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில். இல்லாவிட்டால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து திரும்ப முட்டிக்கொள்வார்கள். சீட்டு எண் யூனிக் என்பதால் இரண்டு முறை ஏறாது. விவசாயிக்குப் போகும் எஸ்எம்எஸ் கமிட்டுக்குப் பிறகுதான்.

போஸ்ட்கிரெஸில் எங்கே பார்ப்பது?

சர்வர் பதிவேட்டில். கிளையன்டுக்கு வரும் செய்தியில் முழுக் குவெரிகள் இருக்காது. 'புராசஸ் 4121, டிரான்சாக்ஷன் 88123இன் மேல் ஷேர்லாக்குக்குக் காத்திருக்கிறது, தடுப்பது புராசஸ் 4130' என்ற பாணியில் இருக்கும். டிரான்சாக்ஷனுக்கு எதற்குப் பூட்டு என்று குழம்ப வேண்டாம். ரோவுக்காகக் காத்திருப்பவர் உண்மையில் அந்த ரோவை மாற்றிய டிரான்சாக்ஷன் முடியக் காத்திருக்கிறார். கூடவே '(12,7) டியூப்பிளை அப்டேட் செய்யும்போது' என்று ஒரு வரி இருக்கும்; ரோவைத்தான் அங்கே டியூப்பிள் என்கிறார்கள். அந்த (12,7)ஐ, ரோவின் இருப்பிடத்தைச் சொல்லும் 'சிடிஐடி'யில் போட்டுத் தேடினால் எந்த ரோ என்று தெரியும். பழைய ரோக்களைத் துப்புரவு செய்யும் வேக்கம் ஓடுவதற்குள் பாருங்கள்.

இங்கே கண்டுபிடிப்பு உடனே நடக்காது. ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் வட்டம் இருக்கிறதா என்று பார்க்கும், பார்த்தவரே பலியாவார். பஸ், கார் கணக்கெல்லாம் இல்லை. மே மாதம் ஊட்டியில் மலர்க்காட்சி நேரத்தில் விடுதிப் பக்கம் ஒரு நொடி இழுத்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் புராசஸ் எண் வருமாறு அமைத்துவிட்டு, 'லாக் வெயிட்ஸ்' பதிவையும் ஆன் செய்துகொள்ளுங்கள். ஓடும் எஸ்கியூஎல் வரிகளும் பதிவாகும்படி வைத்திருந்தால், அதே புராசஸ் எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் பூட்டைப் பிடித்த பழைய வரி கிடைத்துவிடும்.

ஐசொலேஷனை சீரியலைசபிளுக்கு உயர்த்தினால் தீருமா?

மைஎஸ்கியூஎலில் டெட்லாக் அதிகமாகத்தான் ஆகும். டிரான்சாக்ஷனுக்குள் ஓடும் சாதாரண செலக்ட்கூடப் பகிர்பூட்டு போட ஆரம்பிக்கும். 118க்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும். போஸ்ட்கிரெஸில் வேறு வகைப் பிழை, 40001, வரும். அதற்கும் மறுமுயற்சி வேண்டும்.

சரி செய்துவிட்டேன் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது?

முதலில் டெட்லாக்கை நீங்களே வரவழைக்க வேண்டும். சோதனை டேட்டாபேஸில் இரண்டு டெர்மினல் திறந்து இரண்டிலும் டிரான்சாக்ஷன் தொடங்குங்கள். முதலாவதில் 118ஐ அப்டேட் செய்யுங்கள், இரண்டாவதில் 146ஐ. பிறகு முதலாவதில் 146, அது நிற்கும். இரண்டாவதில் 118; இருவரில் ஒருவருக்கு உடனே 1213 விழும். இப்போது உங்கள் புதிய வரிசைப்படி அதையே செய்து பாருங்கள். இரண்டாவது டெர்மினல் நிற்கும், முதலாவது கமிட் ஆனதும் நகரும். அவ்வளவுதான் வேண்டும். பதிவேட்டிலிருந்து கண்டுபிடித்த காரணத்தை இப்படி வரவழைக்க முடியவில்லை என்றால் நீங்கள் கண்டுபிடித்தது வேறு எதையோ.

லாரி பாதி வழியில் சிக்னல் இழந்தால் பூட்டு என்ன ஆகும்?

இது டெட்லாக் இல்லை, ஆனால் எங்கள் பக்கம் அதிகம் கேட்கப்படுவது. முதலில் எங்கள் சர்வர் கோடு, போனிலிருந்து முதல் சீட்டு வந்ததும் டிரான்சாக்ஷனைத் திறந்து, மீதிச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வர வரப் போட்டுக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது சீட்டோடு வளைவில் சிக்னல் போய்விட்டால் அந்தப் பன்னிரண்டு விவசாயிகளின் ரோக்களும் பூட்டியபடியே நிற்கும். சோலூர்மட்டத்தில் மேகம் இறங்கினால் கோத்தகிரியில் முன்பணம் கொடுக்க முடியாது, கணக்கருக்கு 1205. பூட்டைப் பிடித்திருப்பவர் யார் என்று 'இன்னோடிபி டிஆர்எக்ஸ்' டேபிளில் தொடங்கிய நேரத்தைப் பார்த்தால் தெரியும். எதுவும் ஓடாமல் தூங்கிக்கொண்டிருக்கும் கனெக்ஷனாக இருக்கும். சர்வர் தானாக அதைத் துண்டிக்கட்டும் என்று விட்டால், இயல்பான அமைப்பில் எட்டு மணி நேரம் ஆகும்.

இப்போது நாற்பது சீட்டும் முழுதாக வந்து சேர்ந்து, எண்ணிக்கை சரிபார்த்து, விவசாயி எண்படி அடுக்கிய பிறகுதான் பிகின். வராவிட்டால் லாரி அடுத்த மேட்டில் திரும்ப அனுப்பும்.